பொங்கி வழியும் கஞ்சியும் 500 மெகாவாட் பாய்லரும்

வீட்டில் கேஸ் அடுப்பில் உப்புப் போட்ட கஞ்சி கொதிக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? கொஞ்சம் அசந்தால் போதும், பொங்கி பர்னர் மேல் வழியும். அதுவரை நீலமாக எரிந்துகொண்டிருந்த தீ சட்டென்று மஞ்சளாகிவிடும். அம்மா ஓடி வந்து அடுப்பை அணைத்து, "போனை வெச்சுட்டு இதைப் பாக்கக் கூடாதா?" என்று கேட்பார்.

திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. நீங்கள் அப்போது பார்த்தது ஒரு நிறமாலை ஆய்வு. உப்பில் இருக்கும் சோடியம் தீயில் ஆவியாகி, சூடேறி, 589 நானோமீட்டர் அலைநீளத்தில் மஞ்சள் ஒளியை உமிழ்கிறது. அதே சோடியம்தான் சில நிலக்கரி மின்நிலையங்களில் பாய்லர் குழாய்களின் மேல் படிந்து பொறியாளர்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது. அதைப் பிடிக்க ஆராய்ச்சியாளர்கள் நம்புவதும் அதே மஞ்சள் ஒளியைத்தான். நடுவில் ஒரு லேசர் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பாய்லருக்குள்ளே என்னதான் நடக்குது?

முதலில் அளவைப் புரிந்துகொள்வோம். நம் நாட்டு நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறக்குறைய 0.65 கிலோ நிலக்கரி வேண்டும். அப்படியென்றால் 500 மெகாவாட் பாய்லர் ஒன்று மணிக்குச் சுமார் 325 டன் நிலக்கரியைத் தின்னும். அதில் 35 விழுக்காடு சாம்பல் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு நூறு டன்னுக்கு மேல் சாம்பல் அந்தப் பாய்லருக்குள்ளே உருவாகிறது. பெரும்பகுதி புகையோடு பறந்து போகும். மீதி அடியில் விழும்.

நிலக்கரியைக் கட்டியாகப் போட்டு எரிப்பதில்லை. மில்லில் அரைத்து, முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி ஆக்கி (பெரும்பாலான துகள்கள் 75 மைக்ரானுக்கும் கீழே), சூடான காற்றோடு ஊதிவிடுவார்கள். ஒவ்வொரு துகளும் ஓரிரு விநாடிகளில் எரிந்து முடிந்துவிடும். தீயின் வெப்பநிலை 1400 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சுற்றிலும் இருக்கும் சுவர் முழுக்கக் குழாய்கள். உள்ளே தண்ணீர் கொதிக்கிறது. புகை மேலே போகும் வழியில் சூப்பர் ஹீட்டர், ரீஹீட்டர், எக்கனாமைசர் என்று குழாய்க் கொத்துகள் வரிசையாகத் தொங்கும். அந்த வெப்பத்தை நீராவிக்கும் தண்ணீருக்கும் மாற்றுவது அவற்றின் வேலை.

பிரச்சினை தொடங்குவது இங்கேதான். சாம்பல் இரண்டு விதமாகப் படியும்.

ஒன்று, தீக்கு நேர் எதிரே இருக்கும் சுவரில் உருகிய நிலையில் ஒட்டுவது. இதற்கு ஸ்லாகிங் என்று பெயர். இன்னொன்று, தீயைத் தாண்டி, புகை கொஞ்சம் ஆறி வரும் இடத்தில் சூப்பர் ஹீட்டர் குழாய்களின் மேல் அடுக்கடுக்காகப் படிவது. இதுதான் ஃபௌலிங்.

ஃபௌலிங்கில் சோடியத்துக்கு என்ன வேலை? சுவரொட்டி ஒட்டுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். வெறும் சுவரில் போஸ்டர் நிற்காது. முதலில் பசை தடவ வேண்டும். பாய்லரில் அந்தப் பசைதான் சோடியம். தீயில் ஆவியாகும் சோடியம், புகையில் இருக்கும் கந்தக டை ஆக்சைடோடு சேர்ந்து சோடியம் சல்பேட் ஆகிறது. குழாயின் மேற்பரப்பு 500, 600 டிகிரி அளவில் 'குளிர்ச்சியாக' இருப்பதால் அந்த ஆவி அங்கே போய்ப் படிகிறது. குளிர்ந்த தண்ணீர் பாட்டிலின் வெளியே வேர்ப்பது போலத்தான். பிறகு வரும் சாம்பல் துகள்கள், சாதாரணமாக மோதித் தெறித்துப் போக வேண்டியவை, அந்தப் பிசுபிசுப்பில் மாட்டிக்கொள்கின்றன.

ஒரு மில்லிமீட்டர் படிவுதானே, என்ன ஆகிடும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழாய் எஃகின் வெப்பக் கடத்துதிறன், மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 40 வாட். சாம்பல் படிவுக்கு ஏறத்தாழ 1 வாட், நுண்துளைகள் நிறைந்த படிவென்றால் இன்னும் குறைவு. அதாவது 1 மில்லிமீட்டர் படிவு, 40 மில்லிமீட்டர் எஃகுச் சுவருக்குச் சமமான தடை. வெப்பப் பரிமாற்றம் பற்றி நாலாவது செமஸ்டரில் படித்ததை இங்கே பொருத்திப் பாருங்கள்.

இதோடு நிற்காது. குழாய் வெப்பத்தை வாங்காவிட்டால் புகை அதிகச் சூட்டோடு அடுத்த கொத்துக்குப் போகும். அதிகச் சூடு என்றால் சாம்பல் இன்னும் பிசுபிசுப்பாகும், இன்னும் ஒட்டும். படிவு படிவை வளர்க்கும். குழாய்களுக்கு இடையிலுள்ள சந்து அடைபட்டால் விசிறிகள் திணறும். படிவின் அடியில் உருவாகும் சில கூட்டுச் சல்பேட்டுகள் 600 டிகிரியை ஒட்டியே உருகி, குழாய் உலோகத்தை அரிக்கவும் செய்யும். கடைசியில் யூனிட்டை நிறுத்த வேண்டியதுதான்.

பணம் மட்டும் போகிற விஷயமும் இல்லை இது. 2017 நவம்பர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் ஊஞ்சாகார் அனல்மின் நிலையத்தில் 500 மெகாவாட் யூனிட் ஒன்றில் நடந்த விபத்து பலருக்கு நினைவிருக்கும். பாய்லரின் அடியில் தேங்கி அடைத்துக்கொண்ட சாம்பலை அகற்றும் வேலை நடந்தபோது, சூடான வாயுவும் சாம்பலும் வெடித்து வெளியே வந்தன. 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது நாம் பேசும் சோடியம் ஃபௌலிங் அல்ல. ஆனால் பாய்லருக்குள் சாம்பல் எங்கே, எவ்வளவு, எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது ஏன் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

எல்லா நிலக்கரியும் ஒன்றல்ல

நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் மிக அதிகம். ஆனால் அதில் சிலிக்காவும் அலுமினாவும்தான் முக்கியம், சோடியம் குறைவு. அதனால் அந்தச் சாம்பல் எளிதில் உருகாது. நமக்குப் பெரிய தலைவலி ஒட்டுவதைவிட, மணல் மாதிரிக் குழாய்களைத் தேய்ப்பதுதான்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் லாட்ரோப் பள்ளத்தாக்கில் கிடைக்கும் பழுப்பு நிலக்கரி இதற்கு நேர் எதிர். சாம்பல் மிகக் குறைவு, ஆனால் இருக்கும் சாம்பலில் சோடியம் அதிகம். அமெரிக்காவின் வடக்கு டகோட்டா லிக்னைட்டும் அப்படித்தான். சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் இருக்கும் ஜுன்டோங் நிலக்கரி வயல் மிகப் பெரியது. எரிக்கவும் நல்ல நிலக்கரி. ஆனால் சாம்பலில் சோடியம் ஆக்சைடு 2 விழுக்காட்டைச் சாதாரணமாகத் தாண்டும். அதைத் தனியாக எரித்த பாய்லர்கள் மோசமாக அடைத்துக்கொண்டதால், சோடியம் குறைந்த வேறு நிலக்கரியோடு கலந்து எரிக்க வேண்டியிருந்தது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'எவ்வளவு சோடியம்' என்பது பாதிக் கேள்விதான். 'எந்த வடிவில்' என்பது மீதிப் பாதி. களிமண் தாதுக்களுக்குள் பூட்டப்பட்ட சோடியம் தீயிலும் பெரும்பாலும் அங்கேயே இருந்துவிடும். ஆனால் இந்த இளம் நிலக்கரிகளில் சோடியம் நிலக்கரியின் ஈரத்தில் உப்பாகக் கரைந்தும், கரிம மூலக்கூறுகளோடு ஒட்டியும் இருக்கிறது. தீ பட்டதும் கிளம்பிவிடும்.

பழைய சோதனை எங்கே சறுக்குகிறது?

பல பத்தாண்டுகளாக ஆய்வகங்களில் செய்வது சாம்பல் உருகுநிலைச் சோதனை. நிலக்கரியை 815 டிகிரி அளவில் நிதானமாக எரித்து, கிடைத்த சாம்பலைச் சின்னக் கூம்பாகப் பிடித்து, உலையில் வைத்து மெல்லச் சூடேற்றுவார்கள். கூம்பின் முனை எப்போது மழுங்குகிறது, எப்போது அரைக்கோளமாகிறது, எப்போது ஓடுகிறது என்று பார்த்து நான்கு வெப்பநிலைகளைக் குறிப்பார்கள்.

பயனுள்ள சோதனைதான். ஆனால் யோசியுங்கள். நிஜப் பாய்லரில் துகள் ஓரிரு விநாடியில் எரிகிறது. இங்கே மணிக்கணக்கில் எரிகிறது. அதைவிடப் பெரிய குறை, சாம்பல் தயாராகும்போதே ஆவியாகக்கூடிய சோடியத்தில் ஒரு பங்கு காற்றோடு போய்விடலாம். திருடன் ஓடிய பிறகு வீட்டில் இருப்பவர்களை எண்ணிப் பார்க்கிற கதை. இரண்டு நிலக்கரியைக் கலந்தால் இன்னும் குழப்பம். கலவையின் உருகுநிலை இரண்டின் சராசரி அல்ல. சில சமயம் இரண்டையும்விடக் கீழே இறங்கிவிடும். உலோகவியல் பாடத்தில் யூடெக்டிக் என்று படித்தோமே, அதேதான்.

ஆக, எரியும்போதே, தொடாமல், ஆவியாக இருக்கும் நிலையிலேயே பார்க்க வேண்டும். அதற்கு ஒளியைவிட நல்ல கருவி இல்லை.

1860லேயே போட்ட அஸ்திவாரம்

புன்சன், கிர்க்காஃப் இருவரும் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்கில் ஒரு சோதனை செய்தார்கள். சுமார் 60 கனமீட்டர் அறை. ஒரு மூலையில் 3 மில்லிகிராம் சோடியம் குளோரேட்டைப் பால் சர்க்கரையோடு சேர்த்து எரித்தார்கள். இன்னொரு மூலையில் நிறமற்ற தீ ஒன்றை நிறமாலைமானி வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில நிமிடங்களில் அந்தத் தீயில் சோடியத்தின் மஞ்சள் கோடு பளிச்சென்று தோன்றியது. அறைக் காற்று முழுக்கப் பரவிய அந்தத் துளி சோடியத்தைக் கண்ணாலேயே பிடித்துவிட்டார்கள்! ஒவ்வொரு தனிமத்துக்கும் தனிக் கைரேகை உண்டு என்று அவர்கள் காட்டியதுதான் இன்றைய எல்லா முறைகளுக்கும் அடிப்படை. சோடியத்துக்கு 589.0, 589.6 நானோமீட்டர். பொட்டாசியத்துக்கு 766.5, 769.9.

லேசர் வந்த பிறகு இந்த யோசனை மூன்று முக்கியமான வழிகளில் பாய்லருக்குள் நுழைந்திருக்கிறது.

வழி ஒன்று: மின்னலடித்துப் பார்ப்பது

லேசர் தூண்டு முறிவு நிறமாலையியல். ஆங்கிலச் சுருக்கமாக லிப்ஸ் என்பார்கள். என்டி-யாக் லேசரின் துடிப்பு ஒன்றை (1064 நானோமீட்டர், சில நானோவிநாடி, பத்துக்கணக்கான மில்லிஜூல்) ஒரு புள்ளியில் குவித்தால், அந்த இடத்தில் 10,000 கெல்வின் அளவில் குட்டிப் பிளாஸ்மா உருவாகும். எந்த மூலக்கூறாக இருந்தாலும் அணு அணுவாகச் சிதறி, தன் கைரேகையை ஒளியாகக் காட்டும். முதல் நூறு நானோவிநாடிகளில் வெறும் வெள்ளை வெளிச்சம்தான் வரும். அது அடங்கட்டும் என்று மைக்ரோவிநாடி அளவில் காத்திருந்து, பிறகுதான் கேமராவைத் திறப்பார்கள். கார்பன் 247.9, சிலிக்கான் 288.2, சோடியம் 589 என்று வரிசையாகக் கோடுகள் எழும்.

இதன் பலம், ஒரே மின்னலில் பல தனிமங்கள் தெரியும். செவ்வாயில் 2012ல் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் கெம்கேம் கருவி பாறைகளைச் சுட்டுப் பார்ப்பதும் இதே முறையில்தான். செவ்வாய்ப் பாறைக்குச் செய்வதைக் கன்வேயர் பெல்ட்டில் போகும் நிலக்கரிக்கும் செய்யலாம், தீக்கு மேலே போகும் புகைக்கும் செய்யலாம்.

வழி இரண்டு: உடைத்து ஒளிரவைப்பது

இது எனக்கு மிகவும் பிடித்த முறை, ஏனென்றால் கணக்கு அவ்வளவு அழகாகப் பொருந்தும். புகையில் சோடியம் தனி அணுவாக மட்டும் இல்லை. சோடியம் குளோரைடு, சோடியம் ஹைட்ராக்சைடு மூலக்கூறாகவும் போகும். மூலக்கூறு 589ல் ஒளிராதே, என்ன செய்வது?

193 நானோமீட்டர் எக்சைமர் லேசரை அடிப்பார்கள். அந்த ஃபோட்டான் ஒன்றின் ஆற்றல் 6.42 எலக்ட்ரான் வோல்ட். சோடியம்-குளோரின் பிணைப்பை உடைக்கச் சுமார் 4.27 வேண்டும். பிரிந்த சோடியம் அணுவைக் கிளர்த்த 2.10 வேண்டும். கூட்டினால் 6.37. ஒரே ஃபோட்டான் பிணைப்பையும் உடைத்து, அணுவையும் கிளர்த்தி, கையில் கொஞ்சம் சில்லறையும் மிச்சம் வைக்கிறது! அந்த அணு இயல்புநிலைக்குத் திரும்பும்போது நம் பழைய மஞ்சள் ஒளியை உமிழும். லேசர் புற ஊதா, பதில் மஞ்சள் என்பதால் சிதறிய லேசர் ஒளியை வடிகட்டுவதும் சுலபம். குறையும் உண்டு. வந்த மஞ்சள், குளோரைடிலிருந்து வந்ததா, ஹைட்ராக்சைடிலிருந்து வந்ததா என்று எளிதில் பிரிக்க முடியாது.

வழி மூன்று: ஊடே அனுப்பி இழப்பை அளப்பது

அலைநீளத்தை மெல்ல மாற்றக்கூடிய டயோடு லேசரைப் பாய்லரின் ஒரு பக்கத்திலிருந்து அனுப்பி, எதிர்ப்பக்கம் எவ்வளவு வந்தது என்று பார்ப்பது. +2 வேதியியல் ஆய்வகத்திலிருந்து நாம் சுமந்து வரும் பீர்-லாம்பர்ட் விதிதான். ஆக்சிஜனுக்கு 760 நானோமீட்டர் அருகே, கார்பன் மோனாக்சைடுக்கு 2.3 மைக்ரோமீட்டர் அருகே. நீராவியின் இரண்டு உறிஞ்சுகோடுகளின் விகிதத்தைப் பார்த்தால் வெப்பநிலையும் கிடைக்கும்.

இது சாம்பலை நேரடியாகப் பார்ப்பதில்லை. ஆனால் சாம்பல் ஒட்டுவதற்கான சூழலைச் சொல்லும். உதாரணமாக, ஒரு மூலையில் ஆக்சிஜன் குறைந்து கார்பன் மோனாக்சைடு கூடினால், சாம்பலிலுள்ள இரும்பு ஆக்சிஜன் குறைந்த வடிவுக்கு மாறி, சாம்பலின் உருகுநிலையைக் கீழே இழுக்கும். அந்த மூலையில் ஸ்லாகிங் வரப்போகிறது என்று முன்கூட்டியே ஊகிக்கலாம். மின்நிலையங்களில் ஏற்கெனவே விற்பனைக் கருவியாகப் புழங்குவது மூன்றில் இதுதான்.

ஒரே ஒரு துகளைக் கூர்ந்து பார்த்தபோது

ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில், லாட்ரோப் பள்ளத்தாக்கின் லோய் யாங் நிலக்கரியை வைத்து ஒரு எளிமையான சோதனை செய்தார்கள். தட்டையான தீ ஒன்றின் மேலே ஒரே ஒரு நிலக்கரித் துண்டைத் தொங்கவிட்டு, 589 நானோமீட்டர் லேசரைத் தகடு போல விரித்து அதன் மேல் பாய்ச்சி, வெளியேறும் சோடியம் அணுக்களைக் கேமராவில் பிடித்தார்கள். துகளின் அளவும் வெப்பநிலையும் கூடவே பதிவாயின.

சோடியம் ஒரே மூச்சில் வெளியே வரவில்லை. முதலில் ஆவிப்பொருட்கள் எரியும் கட்டம், அடுத்துக் கரி எரியும் கட்டம், கடைசியில் எஞ்சிய சாம்பல் கட்டம் என்று மூன்று படிகள். கரி எரிய எரியத் துகள் சுருங்கி, சூடு ஏறி, கரி தீரும் நேரத்தை ஒட்டிச் சோடியத்தின் செறிவு உச்சத்துக்குப் போனது. ஜுன்டோங் நிலக்கரியிலும் சீன ஆய்வாளர்கள் லிப்ஸ் மூலம் இதே மூன்று கட்டங்களைத் தொடர்ந்து அளந்திருக்கிறார்கள்.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். சோடியம் எந்தக் கட்டத்தில், எந்த வேகத்தில் கிளம்புகிறது என்று தெரிந்தால், அதைக் கணினி மாதிரியில் போட்டு எந்தக் குழாய்க் கொத்தில் படியும் என்று கணிக்கலாம். கயோலின் போன்ற களிமண்ணைச் சேர்த்தால் அது சோடியத்தைப் பிடித்து, ஆவியாக விடாமல் அலுமினோசிலிகேட்டாகக் கட்டிப்போடும். எவ்வளவு சேர்த்தால் போதும் என்பதையும் மஞ்சள் கோடு குறைவதைப் பார்த்தே சொல்லலாம். குழாய்களை நீராவியால் ஊதிச் சுத்தம் செய்யும் சூட் ப்ளோவரைக் கடிகாரம் பார்த்து ஓட்டாமல் தேவை பார்த்து ஓட்டலாம். அளவுக்கு மீறி ஊதினால் குழாயே தேய்ந்து ஓட்டையாகும் என்பதை மறந்துவிடக் கூடாது.

சொல்வது சுலபம், ஆனால்...

ஆய்வகத் தீ வேறு, பத்து மாடிக்கு மேல் உயரமுள்ள பாய்லர் வேறு. முதல் சிக்கலே வேடிக்கையானது: படிவை ஆராயப் போன லேசரின் கண்ணாடிச் சன்னலிலேயே சாம்பல் படியும்! அதற்காகச் சுத்தமான காற்றை விடாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாவது, பாய்லரே ஒரு பெரிய விளக்கு. அந்த வெளிச்சத்தில் நம் சின்ன ஒளிர்வைத் தேடுவதால் குறுகிய வடிகட்டியும் நானோவிநாடிக் கணக்கில் திறந்து மூடும் கேமராவும் தேவை. மூன்றாவது, சுய உறிஞ்சல். சோடியம் அதிகமானால், உள்ளிருந்து வரும் மஞ்சள் ஒளியை வெளியே நிற்கும் சோடியம் அணுக்களே விழுங்கிவிடும். அளவு கூடும், ஒளி அதே விகிதத்தில் கூடாது. நான்காவது, லிப்ஸில் ஒரே அளவு சோடியம் இருந்தாலும் சுற்றியுள்ள பொருள் மாறினால் கோட்டின் வலிமை மாறும். இதைச் சரிசெய்யத்தான் இப்போது புள்ளியியல் முறைகளும் மெஷின் லேர்னிங்கும் வந்து நிற்கின்றன. கணினித் துறை நண்பர்களே, கதவு திறந்தே இருக்கிறது.

நமக்கு இதில் என்ன?

"நிலக்கரியே போகப்போகுது, இதைப் படிச்சு என்ன செய்ய?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் இந்தியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்துதான். 2022ல் தட்டுப்பாடு வந்தபோது 10 விழுக்காடு இறக்குமதி நிலக்கரியைக் கலக்கச் சொன்னார்கள். அடிக்கடி மாறும் கலவை என்றால் பாய்லருக்கு அடிக்கடி மாறும் சாம்பல். நிலக்கரிக்குப் பதிலாக வைக்கோல் போன்ற வேளாண் கழிவுகளைச் சேர்த்து எரிக்கும் திட்டமும் நடக்கிறது. வைக்கோலில் பொட்டாசியமும் குளோரினும் அதிகம். அவை சேர்ந்தால் பொட்டாசியம் குளோரைடு. பழைய பிரச்சினை, புதிய பெயர். கருவியில் 589ஐ விட்டுவிட்டு 766.5ஐப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக, நீங்களே செய்து பார்க்க ஒன்று. அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தில் பிளேடால் மெல்லிய பிளவு போடுங்கள். உள்ளே பழைய சிடி ஒன்றைச் சாய்வாக வைத்து, மேலே ஓர் ஓட்டை வழியே பாருங்கள். முதலில் குழல் விளக்கைப் பாருங்கள், வண்ணங்கள் பிரிந்து தெரியும். சூரியனை மட்டும் பார்த்துவிடாதீர்கள். பிறகு, அம்மாவிடம் சொல்லிவிட்டு, கேஸ் தீயில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவிப் பாருங்கள். கருப்புப் பின்னணியில் ஒற்றை மஞ்சள் கோடு பளிச்சென்று நிற்கும்.

அடுத்த முறை கஞ்சி பொங்கினால், திட்டு வாங்கிக்கொண்டே அந்தக் கோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் அடுப்பை அணையுங்கள்.